ரைஃபிளுக்குத் தரத்தேவை எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இராணுவத் தலைமையகத்தில் காலாட்படை ஆயுதங்களுக்குத் தரத்தேவை வகுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

காலாட்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ரைஃபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு ஜவானின் தோளில் எடையாக ஏறுகிறது. கோத் என்று நாங்கள் சொல்லும் ஆயுத அறையில் இன்னொரு பழுதாகவும் வந்து நிற்கிறது. களத்தில் யார், எப்போது பயன்படுத்துவார் என்று சொல்ல முடியாத எதையும் அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2011-ல் விட்ட டெண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 66,000 ரைஃபிள்கள். குழலை மாற்றினால் ஒரே ரைஃபிள் 5.56 மி.மீ. தோட்டாவும் சுட வேண்டும், 7.62×39 தோட்டாவும் சுட வேண்டும். வழக்கமான போருக்கு ஒன்று, தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கு மற்றொன்று என்பது எண்ணம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 7.62×39 தோட்டாவின் அடிப்பகுதி விட்டம் 11 மி.மீ.க்கும் மேல், 5.56-க்கு 10 மி.மீ. கூட இல்லை. ஆகவே தோட்டாவைப் பின்னாலிருந்து பூட்டும் போல்ட்டும் மாற வேண்டும். தோட்டாக் கூட்டின் வடிவம் வேறு என்பதால் தோட்டாக்களை அடுக்கும் மேகஸினும் வேறு. 5.56 வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தை ஒட்டிப் பாய்கிறது, 7.62×39 தோட்டா 700-ஐ ஒட்டி. குழலை மாற்றினால் பழைய ஜீரோவை, அதாவது குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சைட்டைச் சரிசெய்து வைத்ததை, நம்ப முடியாது. ரேஞ்சில் படுத்து, ஐந்து தோட்டா சுட்டு, அவை எங்கே சேர்ந்து படுகின்றன என்று க்ரூப்பிங் பார்த்து, சைட்டைத் திருத்தி, மறுபடியும் சுட வேண்டும். ரோந்தில் இருக்கும் சிறு குழுவான செக்ஷனில் இதை யார் செய்வார்? இரண்டாவது குழலை யார் சுமப்பார்?

பட்டாலியன் பணி மாறும்போது கோத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பீர்கள். அப்படியானால் அந்தப் பணிக்கு ஏற்ற வேறொரு ரைஃபிளையே எடுத்துக் கொடுத்துவிடலாமே. 2015-ல் அந்த டெண்டர் கைவிடப்பட்டது. அதன்பின் நாம் வாங்கியது 2019-ல் 72,400 சிக் 716, 2021-ல் உத்தரப் பிரதேசத்தின் கோர்வாவில் தயாரிக்க ஒப்பந்தமான ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203. ஒவ்வொன்றும் தனக்குரிய ஒரு வகைத் தோட்டாவை மட்டுமே சுடும். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பாலான ஜவான்கள் கையில் நம் நாட்டிலேயே செய்த இன்சாஸ் ரைஃபிள்தான் இருந்தது.

அந்த இன்சாஸிலும் இதே கதைதான். மேகஸினில் எத்தனை தோட்டா மிச்சம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று உள்ளே தெரியும் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். 1999-ல் கார்கில் குளிரில் அதே பிளாஸ்டிக் விரிசல் விட்டது. மிச்சம் தெரிவது நல்ல வசதி, மறுக்கவில்லை. ஆனால் உடையாத மேகஸின் என்பது வசதி அல்ல, உயிர்.

ட்ரிகரை ஒருமுறை அழுத்தினால் மூன்று தோட்டா பாயும் பர்ஸ்ட்டும் அப்படியே. தோட்டா விரயமாகக் கூடாது என்று விரலை எடுக்கும் வரை சுடும் முழு ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். நின்றபடி சுட்டால் முதல் தோட்டா குறியில் படும், இரண்டாவது மேலே ஏறும், மூன்றாவது வானத்துக்குப் போகும். நான் பார்த்த நல்ல சுடுகாரர்கள் சுடும் முறையை மாற்றும் லிவரை ஒற்றையிலேயே வைத்திருந்தார்கள். அமெரிக்கர்களும் எம்16ஏ2 ரைஃபிளில் இதைச் செய்து பார்த்தவர்கள்தான். நடுவில் விரலை எடுத்தால் அடுத்த முறை ஒன்றோ இரண்டோதான் சுடும்; ட்ரிகரின் இழுவையும் ஒரே மாதிரி இராது. பின்னாளில் எம்4 கார்பைன்களை முழு ஆட்டோமேட்டிக் எம்4ஏ1 ஆக மாற்றிக்கொண்டார்கள். தோட்டாவை மிச்சப்படுத்துவது பயிற்சி பெற்ற விரல். அதற்கு ரேஞ்சில் கூடுதல் தோட்டா கொடுங்கள்.

புதியது எதுவும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவுச் சைட் பொருத்த ரெயில் வேண்டும். வண்டிக்குள் இருந்து இறங்குகிறவனுக்கு தோளில் ஊன்றும் பட் மடங்க வேண்டும். கையுறை போட்ட விரலுக்கு ட்ரிகரைச் சுற்றி இடம் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் எந்த ஜவானுக்கு, எந்த இடத்தில் என்று என்னால் சொல்ல முடியும்.

அடுத்த பட்டியல் கையெழுத்தாகும் முன் சியாச்சினிலும் ராஜஸ்தான் மணலிலும் வடகிழக்கு மழையிலும் பணியாற்றிய நாயக்குகளையும் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரர்களையும் உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டுங்கள். தேவையில்லை என்று அவர்கள் சொல்லும் வரியை அடிக்கும் உரிமையையும் அவர்களுக்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்