ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோ பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் தேவல, அண்ணன் வீட்ல சௌக்கியம், மாடி ஒழுகல் மட்டும் அப்படியே கெடக்கு, கொத்தனார் வர்றேன் வர்றேங்குறான், வரல. இதெல்லாம் போன்லயே சொல்லிட்டேன். போன்ல சொல்ல வராத ஒண்ணு இருக்கு, அதுக்குதான் இந்த லெட்டர். அது என்னன்னா, ஓடையில எறங்கும்போது ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோ.

சிரிக்காத. நீ கரண்ட் மீனப் படிக்க பிரேசில்ல மனாஸ் போன புதுசுல அனுப்பின பேப்பரையெல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்ல, அதுல ஒண்ண இப்பதான் டிக்‌ஷனரிய பக்கத்துல வச்சுகிட்டு படிச்சு முடிச்சேன். அமெரிக்காவுல கென்னத் கட்டானியான்னு ஒரு புரொபசர், 2017ல எலக்ட்ரிக் ஈல்ங்குற ஷாக் அடிக்கிற மீனோட குட்டி ஒண்ண தன் கை மேலயே பாய விட்டு எவ்ளோ கரண்ட் போகுதுன்னு அளந்திருக்காரு. படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது? 40லேருந்து 50 மில்லி ஆம்ப் வரைக்கும் போயிருக்கு. நம்ம வீட்டு மெயின்ல நான் மாட்டி வச்ச ஈ.எல்.சி.பி., கரண்ட் கசிஞ்சா லைன கட் பண்ணுற பிரேக்கர், 30 மில்லி ஆம்புக்கே விழுந்துடும், ஏன் 30ன்னு நீ சின்னப் புள்ளையில கேட்டப்ப உக்காத்தி வச்சு சொல்லியிருக்கேன். அந்த மீன் விடுறது ஒவ்வொண்ணும் ரெண்டு மில்லி செகண்ட்தான், அதனாலதான் ஆளு பொழச்சான். குட்டிக்கே இந்தக் கதைன்னா, எட்டடி வளர்ற பெருசு? அதுவும் ஒரு தடவையோட விடாது, சரமாரியா அடிக்கும்னு போட்டிருக்கு. ஷாக் அடிச்சு சாகலன்னாலும் முழங்கால் தண்ணியில விழுந்தா மூச்சு முட்டும், அங்க தூக்கி விட யாரு இருக்கா?

எலக்ட்ரிக் ஈல் ஒண்ணு 860 வோல்ட் அடிச்ச சமாச்சாரமும் படிச்சேன். லின்னேயஸ் 1766ல பேர் வச்சதுலேருந்து அது ஒரே ஒரு மீனுன்னு நெனச்சுகிட்டு இருந்திருக்காங்க, 2019லதான் டி சந்தானாவும் அவரோட ஆளுங்களும் மூணா பிரிச்சிருக்காங்க. வடக்க கயானா மேட்டுல ஒண்ணு, தெக்க பிரேசில் மேட்டுல ஒண்ணு, நடுவுல பெரிய ஆறு ஓடுற தாழ்நிலத்துல ஒண்ணு. 860 அடிச்சது தெக்கத்தி சாதி, அதுக்கு வோல்டாய்னு பேரு. அந்தப் பக்கத்து மேட்டு ஆத்துத் தண்ணியில உப்பு கம்மி, கரண்ட் லேசுல போகாது, அதனால வோல்ட்டேஜ் ஏறியிருக்கலாம்னு எழுதியிருக்காங்க. எனக்கு இது படிச்ச ஒடனே புரிஞ்சுது. மீன் ஒடம்புல இருக்குற கரண்ட் செல் ஒண்ணுக்கு 0.15 வோல்ட்டுக்கு மேல வராது, ஆயிரக்கணக்குல சீரிஸ்ல அடுக்கி ஏத்திருக்கு, தலைப்பக்கம் பாசிட்டிவ், வால் பக்கம் நெகட்டிவ். கரண்ட் போர்டுல முப்பது வருஷம் குப்ப கொட்டினவனுக்கு இத யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. நீ இருக்குறது தாழ்நிலம், அதனால உனக்கு மாட்டுறது வோல்டாயா இருக்காதுன்னு மேப்ப பார்த்து மனச தேத்திக்கிட்டேன். ஆனாலும் எந்த சாதியா இருந்தாலும் பொராக்கே, அதான் அங்க எலக்ட்ரிக் ஈலுக்கு சொல்ற பேரு, பொராக்கேதான். ராத்திரியில தனியா எறங்காத. கூட ஒரு ஆளு கரையிலயாவது நிக்கட்டும்.

முன்னாடியெல்லாம் இத நீயே சொல்லுவ. சாப்டியான்னு அம்மா கேட்டா ஸ்டெர்னோபைகஸ்னு பதில் வரும். இப்ப சாப்ட்டேன், மழை, வைக்கிறேன், அவ்ளோதான். மீன் பேரு ஒண்ணு உன் வாயிலேருந்து வந்து நாளாச்சு. நான் எதையும் கேக்கல. சித்திரையில வர்றேன்னு சொன்னதப் பத்தியும் கேக்கல, அம்மாவையும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். தூத்துக்குடி மாமா விசேஷத்துல எல்லார் முன்னாடியும் கேட்டாரு, மீனுக்கு வெக்கேஷன் கெடையாதுன்னு சொல்லி பேச்ச மாத்திட்டேன். அண்ணனுக்கு ஏதோ தெரியும் போல இருக்கு, கேட்டா விடுங்கப்பாங்குறான். சரி, விட்டுட்டேன்.

விட்டுட்டு சும்மா உக்கார முடியுமா? அண்ணன கொளத்தூர் போகச் சொல்லி தொட்டியில வளர்க்க பிளாக் கோஸ்ட்னு ஒரு மீன் வாங்கிட்டேன். உங்க ஊர் ஆத்துப் புள்ளதான், அப்டெரோநோடஸ் ஆல்பிஃப்ரான்ஸ். மைப் போட்ட மாதிரி கறுப்பு, வால்ல ரெண்டு வெள்ள வளையம், அடிவயித்துல நீளமா ஓடுற துடுப்ப மட்டும் அலையா ஆட்டி முன்னாடியும் போகுது, அப்படியே திரும்பாம பின்னாடியும் வருது. பார்க்க நம்ம ஆத்து சொட்டவாளை சாயல் இருந்துச்சு, ஆனா சொந்தம் அது இல்லியாமே, கெளுத்திதான் கிட்டத்து சொந்தமாம், அதுக்கும் தண்ணியில இருக்குற கரண்ட் தெரியுமாம். இத்தன வருஷம் கெளுத்தி முள்ளுக்கு மட்டும்தான் பயந்தேன்.

அது ஷாக் அடிக்காது, லேசா கரண்ட் விட்டுகிட்டே இருக்கும், அத சத்தமா கேக்கலாம்னு ரெண்டு ஒயரு முனைய சீவி, அது ஒளிஞ்சுக்குற பி.வி.சி. பைப்புக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு விட்டு, பஜனைக்கு எடுத்துட்டுப் போற பேட்டரி ஆம்ப்ளிஃபயர்ல மைக் சொருகுற எடத்துல குடுத்தேன். முதல்ல ங்ங்ங்னு ஒரு சத்தம். ஆகா வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டா அது மீன் இல்ல, நம்ம போர்டு கரண்டு, 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்ட அணைச்சேன், மோட்டார நிறுத்தினேன், போகல. கடைசியில மெயினையே எறக்கிட்டேன். அம்மா சீரியல் போச்சுன்னு கத்துறா, அந்தக் கத்தலுக்கு நடுவுல கேட்டுச்சு பாரு, மெல்லிசா, ஏத்த எறக்கமே இல்லாம, ஒரே சுதி. போன்ல சுதி பார்க்குற ஆப் 940 ஹெர்ட்ஸ்னு காட்டுச்சு. அம்மாவும் வந்து காத வச்சுக் கேட்டா. இது நிறுத்தவே நிறுத்தாதான்னா. நிறுத்தாது, ராத்திரி பகல் கெடையாது, உசுரு இருக்குற வரைக்கும் விடுமாம்னேன். பாவம்னு சொல்லிட்டு சீரியல் பார்க்க போயிட்டா, மெயின போடுங்கன்னு.

எனக்கு அன்னைக்கு தூக்கம் வரல. அந்தச் சுதி அவ்ளோ ஸ்டெடி. நம்ம கிரிட்டு 49.9க்குக் கீழ போனாலே எல்லாரும் போன எடுத்துகிட்டு ஓடுவாங்க, இத்தன இஞ்ஜினியர் இருந்தும் எங்களால பிடிச்சு நிறுத்த முடியாதத கையளவு மீன் தன்னந்தனியா நிறுத்துது. இதுல பெரிய விஷயம் வேற. நம்ம கிரிட்டுல எத்தன ஜெனரேட்டர் இருந்தாலும் எல்லாம் ஒரே ஃப்ரீக்வென்சியில ஓடணும், கொஞ்சம் பிசகினாலும் வெளியே தள்ளிடும். அங்க தலைகீழ். 1963ல ஜப்பான்ல வதனாபேவும் தகேதாவும் ஐகன்மேனியாங்குற இன்னொரு கரண்ட் மீன வச்சு பார்த்திருக்காங்களே, கிட்டத்தட்ட தன் சுதியிலயே இன்னொண்ணு வந்தா ஒண்ணு மேல ஏறிக்குது, ஒண்ணு கீழ எறங்கிக்குது. அதுங்க எதுர்ல இருக்குறத அந்தக் கரண்ட வச்சுதான பார்க்குது, சுதி கலந்துட்டா ரெண்டும் குருடாயிடும். இத நீ எனக்கு ஏர்போர்ட்ல ட்ராலிய தள்ளிகிட்டே சொன்ன. அப்ப எனக்கு லக்கேஜ் வெயிட்டு பத்திதான் கவலை, தலைய தலைய ஆட்டினேன். இப்ப புரியுது.

இன்னொண்ணும் ரசிச்சேன். பிளாக் கோஸ்ட் மாதிரி விடாம ஒரே சுதியா ஊதுற சாதி ஒண்ணு, டிக் டிக்னு பல்ஸ் விடுற சாதி ஒண்ணு இருக்குல்ல, அந்த ரெண்டாவதுல பிராக்கிஹைபோபோமஸ்னு ஒரு மீன். பல்ஸ் ஒரே பக்கமா போனா அதுல டி.சி. இருக்கும், லோ ஃப்ரீக்வென்சி, அத பொராக்கேயும் பெரிய கெளுத்திகளும் மோந்து பிடிச்சுடும். அதனால மேல போன பல்ஸுக்கு கீழயும் ஒண்ணு சேர்த்து ஏ.சி. ஆக்கிக்கிச்சு, கூட்டினா சைபர். பசிச்சவன் காதுல படாம பேசிக்கிற வித்தை. 1999ல ஸ்டாட்டர்டு எழுதினது. டி.சி.யா ஏ.சி.யான்னு எடிசனும் டெஸ்லாவும் போட்ட சண்டைய இதுங்க எப்பவோ முடிச்சிருச்சுங்க.

தசைதான் கரண்ட் செல்லா மாறுச்சுங்குறதும் புரிஞ்சுது. செல்லுக்குள்ள சோடியத்த விடுற கதவுக்கான ஜீன் மீனுக்கு ரெண்டு காப்பி இருந்திருக்கு, ஒண்ணு தசைய ஆட்டுற வேலையப் பார்க்க, மத்தது ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி கையில இருந்ததால இஷ்டத்துக்கு மாத்திக்க முடிஞ்சுது. ஆப்பிரிக்காவுல கரண்ட் விடுற யானை மூக்கு மீனுங்க தனியா, இவங்களுக்கு சொல்லாம, அதே ஜீன்ல அதே வேலைய பண்ணியிருக்கு. ஆனா நம்ம தொட்டியில இருக்குற பையன் அதுக்கும் மேல ஒரு படி, தசையையே விட்டுட்டு நரம்பாலயே கரண்ட் எடுக்குறான். இத கடைத்தெருவுல நிறுத்தி நிறுத்தி சொல்றேன். வாக்கிங்ல என்ன பார்த்தாலே ரெண்டு பேரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுறாங்க. என் பொண்ணு அமேசான்ல இதத்தான் படிக்குதுன்னு சொல்றதுக்குள்ள போயிடுறாங்க, அதான் வருத்தம். இருநூத்தம்பதுக்கு மேல சாதி, அத்தனையையும் காதாலயே பிரிச்சு சொல்லுற ஆளுங்க ஒலகத்துல எத்தன பேரு? அதுல ஒருத்தி நம்ம வீட்ல பொறந்தது.

அந்தப் பொண்ணு அப்பனுக்கு ரெண்டு வார்த்தை சொல்ல மாட்டேங்குது. சரி, வேல இருக்கும்.

லண்ட்பெர்க்னு ஒரு மீன் ஆராய்ச்சிக்காரரோட ஆளுங்க 1990கள்ல அமேசான் பெரிய ஆத்து அடியில வலைய இழுத்தப்ப வந்ததுல ஒரு சாதி, மாகோஸ்டெர்னார்கஸ், மத்த கரண்ட் மீனுங்களோட வாலக் கடிச்சே வயித்த ரொப்புதாம். வால்லதான கரண்ட் செல்லே இருக்கு. கடி பட்டதுங்க செத்துடாது, வால் திரும்ப வளந்துடுமாம், உள்ள கரண்ட் செல்லோட சேர்த்து. இத ஏன் இப்ப சொல்றேன்னு எனக்கே தெரியல. படிச்சேன், சொல்றேன். உன் வேல எந்த நெலமையில இருந்தாலும், முடிஞ்சாலும் முடியலன்னாலும், உன் ரூம்ல நீ மாட்டி வச்சுட்டுப் போன காலண்டரக் கூட நாங்க எடுக்கல. அவ்ளோதான்.

கிளவுஸ் முழங்கை வரைக்கும் வர்றதா வாங்கு. ஓட்டை இருக்கான்னு காத்து ஊதி, சுருட்டி அழுத்திப் பாரு, ஒவ்வொரு தடவையும். ஈரக் கையோட உள்ள விடாத. லைன்ல ஏர்றவனுக்கு சொல்றதுதான் உனக்கும்.

இப்ப விஷயம். இங்க விடாம மழை, தொட்டித் தண்ணி சில்லுன்னு ஆயிடுச்சு. ஆப்ல பார்த்தா சுதி எறங்கியிருக்கு, 870 சொச்சம் காட்டுது. ரத்தப்புழு போட்டா பைப்ப விட்டு வெளியவே வரல. குளிர்னால சுதி எறங்குமா, இல்ல ஒடம்புக்கு முடியலையா? ஹீட்டர் போடலாம்னா அதுலேருந்து கசியுற 50 ஹெர்ட்ஸ் அத தொந்தரவு பண்ணுமோன்னு யோசனையா இருக்கு. கடக்காரனக் கேட்டேன், போட்டுத் தள்ளுங்க சார்ங்குறான், அவனுக்கு என்ன தெரியும். எனக்கு கேக்க வேற ஆளு இல்ல. வாட்ஸப்ல ரெண்டு வரி அனுப்பிடாத, போன் பண்ணி நிதானமா சொல்லு, நான் நோட்டுல எழுதிக்கணும்.

அப்பா