கூழ் படத்தில் உள்ளதுபோல் வரவில்லை என்று எழுதிய பெறாமகளுக்கு

அன்புள்ள பிள்ளை,

நீ காய்ச்சிய ஒடியல் கூழின் படமும், சமையல் குறிப்பில் இருந்த படமும் கிடைத்தன. குறிப்பில் இருப்பது பளிச்சென்ற செம்மஞ்சள் கூழ், மேலே முழு நண்டு, பச்சைப்பசேலென்று பயித்தங்காய். உன்னுடையது மண்ணிறம், மேலே ஒன்றும் தெரியவில்லை. "பழுதாப் போச்சு, கொட்டட்டா சின்னம்மா?" என்று கேட்டிருந்தாய். கொட்டிப்போடாதே பிள்ளை. இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் காய்ச்சினாலும் அப்படித்தான் வரும்.

ஒடியல் மா என்பது பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து, வெயிலில் காயவைத்து இடித்த மா. அதோடு பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேரும்போது நிறம் மங்கித்தான் போகும். நண்டும் மீனும் பலாக்கொட்டையும் அடியில்தான் கிடக்கும். அதனால்தான் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி அள்ளுகிறோம். படத்துக்காக நண்டைத் தனியே எடுத்து மேலே வைத்திருப்பார்கள். படம் பிடிக்கவென்றே சமைக்கிறவர்கள் மரக்கறியை அரைவேக்காட்டில் இறக்குவதும், மினுங்குவதற்கு எண்ணெய் தடவுவதும் வழக்கம். பயித்தங்காய் புளியோடு கொதித்தால் பச்சை நிறம் நிற்காது. புளிப்பு அதைக் கெடுத்துவிடும். உன் பயித்தங்காய் மங்கியிருக்கிறது என்றால் அது அவிந்து, புளியும் உறைப்பும் உள்ளே இறங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

தடித்துப் போச்சு என்றும் எழுதியிருந்தாய். மாக் கூழ் கொதிக்கும்போது இளக்கமாக இருக்கும், ஆற ஆற இறுகும். நீ படம் எடுப்பதற்குள் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு மனவருத்தம் வேறு விஷயத்தில். அந்தக் குறிப்பை முழுக்க வாசித்தேன். படத்துக்கு அவ்வளவு பாடுபட்டவர்கள், ஒடியல் மாவை ஊறவைத்து, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை. அதைச் செய்யாவிட்டால் கூழ் கைக்கும். முதன்முதலாகக் காய்ச்சுகிற பிள்ளை அந்தக் கைப்பைத் தன் கைப்பிழை என்று நினைத்து, கூழையே விட்டுவிடும். நிறம் பிசகினால் ஒன்றும் குறையாது, இது பிசகினால் வாயில் வைக்கேலாது. நல்ல குறிப்பென்றால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புட்டும் அப்படித்தான். நீ பார்த்த படத்தில் குழலில் அவித்த வெள்ளைப் புட்டு. எங்கள் வீட்டில் சிவப்பு அரிசிமாவைக் குழைத்து, பனையோலையில் இழைத்த நீத்துப்பெட்டியில் அவிக்கிறோம். அது உதிர்ந்துதான் விழும், நிறமும் வேறு. கோழிக்கறி கறுத்துப்போனதற்கும் கவலைப்படாதே. நான் அனுப்பிய கறித்தூள் மல்லி, மிளகாய், சீரகம், மிளகு எல்லாவற்றையும் நன்றாய் வறுத்து இடித்தது. அதைப் போட்டு வைத்த கறி சிவப்பாய் வராது.

சரி, இனி ஒன்று செய். குறிப்பில் சாமான், அளவு, பக்குவம் மட்டும் வாசி. படத்தை மூடிவிட்டு, சட்டிக்கு முன்னால் நின்று நுரை அடங்கிவிட்டதா, பலாக்கொட்டை நசிகிறதா, பச்சை மா மணம் போய்விட்டதா என்று பார். பிறகு கொஞ்சம் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து உப்புப் புளி சரிக்கட்டு.

மிச்சக் கூழைச் சூடாக்கும்போது கொதிதண்ணீர் விட்டு இளக்கிக்கொள். பச்சைத் தண்ணீர் விடாதே, கட்டிபடும். மருமகனுக்கும் ஊற்றிக் கொடு. உறைப்பு எப்படி என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சின்னம்மா