செயலாளரின் ஆண்டறிக்கை, 2021–22

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் பிறந்து, படிப்புக்கும் பிழைப்புக்குமாக அரூரிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறிய மலையாளி (கேரளத்தவர் அல்ல, மலையில் வாழும் தமிழ்நாட்டுப் பழங்குடி) மக்களின் சங்கம் இது. கொரோனாவால் போன ஆண்டு பொதுக்குழு கூட்ட முடியவில்லை. அதனால் இந்த அறிக்கை கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடியினர் நாளில் சங்க வாசலில் கொடியேற்றினோம். பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். சாதிச் சான்றிதழ் மனுக்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப்பட்டுள்ளன. மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி தடுப்பூசி விஷயம். இந்த ஆண்டு சங்கம் செய்த பெரிய வேலை இதுதான். இதற்குச் செலவழித்ததைப் பற்றிச் சில உறுப்பினர்கள் கேள்வி எழுப்பியிருப்பதால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

2021 ஏப்ரலில் முதல் முகாமுக்கு வண்டி மலை ஏறியபோது ஊரில் ஆளே இல்லை. பாதிப் பேர் காட்டுக்குள் போய்விட்டார்கள். "படிக்காத சனம், சொன்னா புரியாது" என்று கீழே பலரும் பேசினார்கள். நம் உறுப்பினர்களில் சிலரும் அதையே பேசினார்கள். அன்றும் நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று ஊருக்குள் முதலில் நுழைந்தது காக்கிச் சட்டைக்காரர்களின் வண்டி. ஊசி கொண்டு வந்த வண்டி அதற்குப் பின்னால்தான் வந்தது. வாச்சாத்தி நம் மலையடிவாரத்து ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அங்கே புகுந்து வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் சொல்வதற்கு 2011 செப்டம்பர் 29 வரை ஆனது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் நம் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் பார்த்த சனம், காக்கி வண்டியைக் கண்டதும் காட்டுக்குள் போனதை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை.

சரி, வதந்திக்கு வருவோம். ஊசி போட்டால் இரண்டு வருசத்தில் சாவு, பிள்ளை பிறக்காது, ஆஸ்பத்திரிக்குப் போனால் கிட்னியை எடுத்துவிடுவார்கள், 108 வண்டியில் ஏறினவன் திரும்பி வரமாட்டான். இவை எல்லாம் மலையில் முளைத்தவை அல்ல. மலையில் பாதி இடத்தில் சிக்னலே கிடையாது. அந்தக் குரல்பதிவுகள் வந்தது நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான். அரசு வேலையில் இருப்பவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர்கள் அவற்றை அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வைத்துக் கேட்கவும் வைத்தார்கள். அனுப்பியவர்களில் பலர் தாங்கள் மட்டும் அமைதியாக ஊசி போட்டுக்கொண்டார்கள் என்பதையும் இந்தக் கூட்டத்தில் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பால் இறந்தார். அந்த வாரம் குழுவில் வேறு பேச்சே இல்லை. அவர் இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று அரசுக் குழு ஆய்வு செய்து அக்டோபரில் சொன்னது. அந்தச் செய்தியை நான் குழுவில் போட்டேன். ஒருவர்கூட அதை மேலே அனுப்பவில்லை.

அப்புறம்தான் நாம் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தோம். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் முதலில் சொல்லி, காக்கி உடுப்பு எதுவும் உடன் வராமல், கிராம செவிலியரோடு நம் ஆட்கள் மட்டும் போனோம். கேள்வி எதுவானாலும் பதில் சொல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்தோம். அவர்கள் கேட்ட கேள்விகளை உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "நல்ல ஊசின்னா வயித்துப் பிள்ளைக்காரிக்கு ஏன் போட மாட்டேங்கிறாங்க?" என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் நடந்த சோதனைகளில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் காத்திருந்தார்கள், 2021 ஜூலை 2 அன்று அவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. இரண்டாவது ஊசிக்கான இடைவெளியை மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என்று நீட்டியபோது, "அவங்களுக்கே தேதி தெரியல" என்றார்கள். இடைவெளி கூடினால் கோவிஷீல்டு இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று தெரியவந்ததால்தான் மாற்றினார்கள் என்று விளக்கினோம். கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஊரில் புளியமரத்தடியில் நான்கு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். செவிலியர் ஊசியை எடுக்கவே இல்லை. நேரம் ஆக ஆக, "ஏதோ ஆள் சேக்குறாங்க, எதுக்கோ" என்று முணுமுணுப்பு கிளம்பி ஒருவர் எழுந்தே போய்விட்டார். விஷயம் இதுதான்: கோவிஷீல்டு ஒரு குப்பியில் 10 பேருக்கான மருந்து இருக்கும். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீந்தால் வீண். செவிலியர் ஐஸ் பெட்டியைத் திறந்து அந்தச் சின்னக் குப்பியை உள்ளங்கையில் வைத்துக் காட்டி இதைச் சொன்னதும், எழுந்து போனவரே தெருவுக்குள் போய் மீதி ஆட்களைக் கூட்டி வந்தார். அங்கே இருந்த ஒரு பாட்டி, "நீ போட்டுட்டியா சாமி?" என்று என்னைக் கேட்டு, சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தன் கையை நீட்டினார்.

இன்னொரு தடை கூலி. ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி வரும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்வதால் வருவது அது. ஆனால் அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது? அதற்காகத்தான் ஊசி போட்ட வீடுகளுக்குச் சங்கத்திலிருந்து அரிசி கொடுத்தோம். கேள்விக்குள்ளான செலவு இதுதான். செப்டம்பர் 12 மாபெரும் முகாமில் நம் சனம் வரிசையில் நின்றதை இங்கே இருக்கும் பலர் நேரில் பார்த்தீர்கள். அந்த அரிசிக்கு இதுவே கணக்கு.

கிட்னி வதந்தி பற்றியும் சொல்ல வேண்டும். நம் மலைக்காரர் ஒருவர் இரண்டாம் அலையில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். உடலைப் பையில் கட்டி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். மகன் எவ்வளவோ கேட்டும் முகத்தைக் காட்டவில்லை. பையின் தலைப்பக்கம் ஜிப்பைத் திறந்து உறவினருக்கு முகத்தைக் காட்டலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. அன்று அதைச் செய்திருந்தால் கிட்னியை எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பிறந்திருக்காது. சங்கத்தின் சார்பில் இதை எழுதி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை, நினைவூட்டுக் கடிதம் தயாராகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், செலவு வரவை மிஞ்சியிருக்கிறது. மீதியைத் தலைவரும் நானும் கைமாற்றாகப் போட்டிருக்கிறோம். சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள், நான் வேண்டாம் என்று தடுத்தேன். கூலி வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் பலர் கட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். மாதச் சம்பளம் வாங்குபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். மலைக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்த பலர் கடைசி நேரத்தில் கைபேசியை அணைத்துவிட்டார்கள். போனது எப்போதும் அதே சில பேர்தான்.

கிராம செவிலியர்கள், ஊர்க்கவுண்டர்கள், வண்டி கொடுத்து உதவியவர், கூட்டத்துக்கு இடம் தந்த மண்டப உரிமையாளர், தணிக்கை செய்து கொடுத்த ஐயா எல்லோருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் ஒவ்வொரு ஊரிலும் படித்த பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, செவிலியர் வரும் நாளில் உடன் இருக்கச் செய்யலாம் என்பது என் யோசனை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த மாத்திரையைப் பற்றியும் இப்போதே பேச்சு கிளம்பியிருக்கிறது. கொரோனா போனாலும் இந்த வேலை போகாது. அந்தப் பெண்களுக்குப் பஸ் செலவாவது கொடுக்க வேண்டும். பணம் எங்கிருந்து வரும் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொரு ஆண்டு நானே பொறுப்பில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறேன். மலைக்கு உடன் வர ஐந்தாறு பேர் இன்றே பெயர் கொடுத்தால் தைரியமாக இருப்பேன். பெயர்ப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் பொருளாளரிடம் உள்ளன. சாப்பாடு 1 மணிக்கு.

இப்படிக்கு,
செயலாளர்
அரூர், தர்மபுரி மாவட்டம்