பினாங்கிலிருந்து அப்பாவுக்கு: அணிகளும் தை மாதக் கல்யாணமும்

பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் வந்து சேர்ந்தது. போன் செய்தால் நீங்கள் காதில் வைத்ததுமே "இரு, அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்று கொடுத்துவிடுகிறீர்கள், அதனால் உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். இத்தனை நாள் நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் மேலே சிவப்பு மையில் "பதில் வராத கடிதம், எண் 2" என்று போட்டிருக்கிறீர்களே, அது திட்டுவதைவிட மோசம்.

முதலில் அம்மாவுக்கு: சாப்பிடுகிறேன். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு சாப்பாடு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் பசியாற ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும், மூலைக்கு மூலை கடை. நாசி கண்டார் என்று ஒன்று, நம் ஊர்ப்பக்க முஸ்லிம்கள் அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி மாதிரித் தூக்கி விற்றது, இன்று ஊர் முழுக்கக் கடையாக நிற்கிறது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, ஆட்டுக் குழம்பு எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றுகிறார்கள், அப்படித்தான் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டே வாங்குகிறார்கள். அம்மா பார்த்தால் கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். நான் சோறும் ஒரு காயும் எடுத்து மேலே குழம்பு மட்டும் விடச் சொல்வேன். மீனை எடுத்தால் அவர்கள் துண்டைப் பார்த்து ஒரு விலை சொல்வார்கள், எதற்கு வம்பு. ராத்திரி கனமாகச் சாப்பிட்டால் தூக்கம் வருவதில்லை என்று இப்போது ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்துவிட்டேன், உடம்புக்கு நல்லதுதான். ஸ்வெட்டர் எதற்கு என்று அத்தை சிரித்தாளே, அவளிடம் சொல்லுங்கள்: வெளியே வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் விரிவுரை மண்டபத்தில் ஏசியை யாரும் குறைப்பதே இல்லை, மாணவர்களில் பாதிப்பேர் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த ஸ்வெட்டர் கிழியும்வரை உழைக்கப்போகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். "பிளஸ் டூ கணக்கில் முதல் பாடமே அணிகள் (மேட்ரிக்ஸ்) தான், நேர்மாறு, தரம், கிராமர் விதி, காஸியன் நீக்கல் எல்லாம் நான் ஜூலைக்குள் முடித்துவிடுவேன், அதற்கு மேல் ஒரு செமஸ்டர் நடத்த அதில் என்ன இருக்கிறது, நீ அங்கே என்னதான் செய்கிறாய்?" நியாயமான கேள்வி. நான் விரிவுரை எடுப்பதில்லை, புரோஃப் (பேராசிரியர்) எடுக்கிறார். சீனப் பெண்மணி, உங்கள் வயதிருக்கும், உங்களைவிடக் கண்டிப்பு. நான் டுட்டோரியல் வகுப்பு நடத்துகிறேன், வினாடிவினாத் தாள் திருத்துகிறேன், புதன்கிழமை மதியம் சந்தேகம் கேட்க வருபவர்களுக்காக ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். வினாடிவினாவுக்கு முந்தின நாள் தவிர ஒருவரும் வருவதில்லை. இது எந்த ஊரிலும் மாறாது போலிருக்கிறது.

முதல் நாள் அவர் அணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு பக்கத் தாளை எல்லோருக்கும் கொடுத்து, ஒரு மணி நேரம் அதைத்தான் வரிவரியாக வாசித்தார். பதினாலு வாரத்தில் எந்த வாரம் எது, எந்த நாள் எந்தத் தேர்வு, எதற்கு எத்தனை மதிப்பெண், எல்லாம் அதில் இருக்கிறது. பாதி மதிப்பெண் செமஸ்டருக்குள்ளேயே போய்விடும், மீதிப் பாதிதான் கடைசித் தேர்வு. வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, இந்த நாட்டில் பல இடங்களில் இதுதான் வழக்கம். உடம்பு சரியில்லை என்றால் கிளினிக்கில் எம்சி (மருத்துவச் சான்று) வாங்கி வர வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. வீட்டுக்கணக்கைக் கூடிப் பேசிப் போடலாம், ஆனால் எழுதும்போது அடுத்தவர் தாளைப் பார்க்கக்கூடாது, யாருடன் பேசினாய் என்று கீழே பெயர் எழுத வேண்டும். கம்ப்யூட்டரிடம் கேட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. எண்களை எல்லாம் சின்னதாகத்தான் கொடுப்பார், கூட்டல் தப்பானால் அரை மதிப்பெண்தான் போகும், ஆனால் விடையை மட்டும் எழுதிவிட்டுப் போனால் பூஜ்யம். படிக்குப் படி மதிப்பெண் போட்டே முப்பது வருஷம் ஓட்டிய உங்களுக்கு இது பிடிக்கும்.

உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். கிராமர் விதிக்கு இங்கே மரியாதை இல்லை. மூன்று சமன்பாட்டுக்கு மேல் அதைப் பயன்படுத்தினால் நேரம்தான் வீண் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறார். அந்த விதிக்கு அணிக்கோவை (டிடர்மினன்ட்) வேண்டும், பத்து வரிசை அணிக்கோவையை விரித்து எழுதினால் 36,28,800 உறுப்புகள் வரும், காஸியன் நீக்கலில் அதே அணியைச் சில நூறு பெருக்கலில் முடித்துவிடலாம். கிராமர் தன் விதியை வெளியிட்டது 1750-ல். சீனாக்காரர்கள் நீக்கல் முறையைச் சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே பலகையில் குச்சி அடுக்கிச் செய்திருக்கிறார்கள். புரோஃப் முதல் வினாடிவினாவில் கேட்டதே அந்தக் காலத்துக் கணக்குத்தான், நம் களத்துமேட்டுக் கணக்கு மாதிரியே இருக்கிறது பாருங்கள். உயர்ந்த ரகக் கதிர்க்கட்டு 3, நடுத்தரம் 2, மட்டம் 1, அடித்தால் தானியம் 39 அளவு. உயர்ந்தது 2, நடுத்தரம் 3, மட்டம் 1 என்றால் 34. உயர்ந்தது 1, நடுத்தரம் 2, மட்டம் 3 என்றால் 26. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு கட்டுக்கு எவ்வளவு? போட்டுப் பார்த்து அடுத்த கடிதத்தில் விடை எழுதுங்கள். காலும் முக்காலும் வரும், பயந்துவிடாதீர்கள். கிராமரில் போட்டால் படிகளுக்கு மதிப்பெண் தரமாட்டேன்.

இன்னொன்று. நாம் அணியை முதலில் சொல்லி அணிக்கோவையைப் பிறகு சொல்கிறோம், வரலாற்றில் வந்ததோ தலைகீழாக. கிராமர் காலத்திலேயே அணிக்கோவை வேலை நடந்துகொண்டிருந்தது, அணிக்கு சில்வெஸ்டர் பெயர் வைத்ததே 1850-ல், கெய்லி அதற்குக் கூட்டல் பெருக்கல் எல்லாம் ஒழுங்காக எழுதியது 1858-ல்.

உங்கள் முதல் பாடம் இங்கே முதல் மாதத்தோடு சரி. ஐந்தாவது வாரம் வெக்டர் வெளி வருகிறது, அதோடு எண்கள் காணாமல் போய்விடுகின்றன. நேரியல் சார்பின்மை என்றால் என்ன, அடுக்களம் என்றால் என்ன, வரையறையை ஒரு சொல் பிசகாமல் எழுத வேண்டும், அப்புறம் "நிரூபி". அதுவரை நூற்றுக்கு நூறு வாங்கியவன் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறான். பிறகு ஐகன் மதிப்புகள், செங்குத்து வெக்டர்கள், மீச்சிறு வர்க்க முறை என்று போகிறது. இதெல்லாம் எதற்கு என்று ஒரு பையன் கேட்டதற்கு, கூகுள் ஆரம்பத்தில் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தியதே ஓர் ஐகன் வெக்டரை வைத்துத்தான் என்றேன், கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஐந்தாவது வாரம் இப்படித் தடுமாறுவீர்கள், தடுமாறிய பிறகு வராதீர்கள், அதற்கு முன்பே வாருங்கள் என்று புரோஃப் அந்தத் தாளில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. நாங்கள் எல்லாம் மூளை இல்லையோ என்று நினைத்துக்கொண்டுதான் எம்எஸ்சி முதல் வருஷத்தைக் கடந்தோம்.

நாலு பக்கம் விதி எதற்கு, பிள்ளைகளை மிரட்டவா என்றுதான் நானும் நினைத்தேன். போன வாரம் சுங்கை பட்டாணியிலிருந்து வரும் நம் பெண் ஒருத்தி வந்தாள், தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த பிள்ளை. பாட்டி இறந்து வினாடிவினாவைத் தவறவிட்டிருக்கிறாள். எம்சி இல்லை, சாவுக்கு எந்த கிளினிக்கில் எம்சி கொடுப்பார்கள்? கையில் இறப்புச் சான்றிதழின் போட்டோ, வாசலிலேயே நின்று அழுகை. நீங்களாக இருந்தால் "சரி போ, நாளைக்கு வந்து எழுது" என்று சொல்லியிருப்பீர்கள், எனக்கும் அதுதான் வாயில் வந்தது. புரோஃபிடம் அழைத்துப் போனேன். அவர் அந்தப் போட்டோவைப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஆறு வினாடிவினாவில் நல்லதாக ஐந்தைத்தான் கணக்கில் எடுப்பேன் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அந்த ஒன்று இதற்காகத்தான், என்னிடம் காரணம் சொல்லத் தேவையில்லை, வீட்டுக்குப் போய்த் தூங்கு என்றார். அவள் போன பிறகு, மதிப்பெண்ணுக்காக யாரும் என் முன்னால் நின்று ஒரு சாவை விவரிக்கக்கூடாது என்றார். நீங்கள் கேட்டுக் கொடுப்பீர்கள், இவர் கேட்காமலே கொடுத்துவிட்டார். எது மேல் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லா அலுவலகமும் இப்படி நாள் குறித்து எழுதிக் கொடுத்தால் நன்றாயிருக்கும், சிலவற்றில் "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அதை விடுங்கள்.

கீழ்வீட்டு மலாய்ப் பெரியவர், பாக்சிக்கைப் பற்றி அம்மாவிடம் சொன்னேனே, அவர் இப்போது இன்னும் மோசம். கூண்டில் சின்னச் சின்னப் புறா நாலைந்து வைத்திருக்கிறார், மலாய்க்காரர்கள் அதன் குரலுக்குப் போட்டியே நடத்துவார்களாம். காலையில் கூண்டுகளைக் கம்பத்தில் கயிறு கட்டி ஏற்றிவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது எத்தனை முறை கூவியது என்று நோட்டில் கோடு போடுகிறார். யாராவது ஸ்கூட்டரை முறுக்கினால் எழுந்து நின்று முறைக்கிறார். என் பிரஷர் குக்கர் விசில் அவருடைய பழைய பறவையைக் கெடுத்துவிட்டதாம், அது இப்போது விசில் மாதிரியே கூவுகிறதாம்! அதனால் அவர் நோட்டை மூடும்வரை நான் குக்கர் வைப்பதில்லை. பேத்தி ஐந்தாம் படிவம் (நம் பதினொன்றாம் வகுப்பு மாதிரி) படிக்கிறாள், அவளுக்கும் இந்த வருஷம் கணக்கில் அணிகள் உண்டு. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் வந்து உட்காருவாள், இரண்டுக்கு இரண்டு நேர்மாறு போடச் சொல்லித் தருகிறேன். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதனால் அந்த இரண்டு நாளும் பாட்டி ஒரு தட்டு மூடி அனுப்புகிறார், சோறு, பொரித்த மீன், சம்பால். மூலைவிட்ட உறுப்புகளை இடம் மாற்று, மற்ற இரண்டுக்கும் குறியை மாற்று, அணிக்கோவையால் வகு, முதலில் அது பூஜ்யமா என்று பார். இதை நான் உங்கள் குரலில்தான் சொல்கிறேன் அப்பா, "முதலில்" என்று இழுப்பது உட்பட. அந்தப் பெண் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிக்கிறாள்.

கடிதத்தின் அடியில் அம்மா எழுதிய நாலு வரியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மழையில் கொள்முதல் நிலையத்தில் நெல் எடுக்கவில்லை, உன் கட்டில்மேல் மூட்டை அடுக்கியிருக்கிறோம்." எழுதியது சாதாரணமாகத்தான். நெல்லை நனைய விடவா முடியும், தரையில் வைத்தால் ஓதம் ஏறும், கட்டில் சும்மாதானே கிடக்கிறது, எல்லாம் எனக்குத் தெரிகிறது. ஆனால் பஸ்ஸில் அதைப் படித்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த ஜன்னல் பக்கம் தலை வைத்தால் கொட்டகையில் மாடு அசைபோடுவதுகூடக் கேட்கும். அங்கே இப்போது நெல் வாசனைதான் அடிக்கும் என்று நினைத்ததும் என்னவோ போலாகிவிட்டது. அடுக்குங்கள், பரவாயில்லை. தை மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

தை என்றதும்தான். தங்கச்சிக்குப் பார்த்திருக்கும் பட்டுக்கோட்டைக்காரர்கள் தை முதல் முகூர்த்தம் என்று நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, அது முடியாது. கடைசித் தேர்வு அந்தச் சமயத்தில்தான் வரும், திருத்தும் வேலை என் தலையில். அந்தத் தாளின் மூன்றாம் பக்கத்தில் தேர்வு அட்டவணை வருமுன் ஊருக்கு டிக்கெட் எடுக்காதே, குடும்பக் கல்யாணம் ஒரு காரணம் ஆகாது என்று கறுப்பாக அச்சடித்திருக்கிறது. மாணவர்களுக்குத்தான், ஆனால் திருத்துகிறவள் மட்டும் எப்படிப் போவது? நம் ஜோசியரிடம் தை கடைசியிலோ மாசியிலோ ஒரு நாள் பார்க்கச் சொல்லுங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் இல்லாமல் போனால் அவளும் பேசமாட்டாள், சின்னத்தை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

நகை விஷயம்: என் இரட்டை வடச் சங்கிலியை அவளுக்கே போட்டுவிடுங்கள். இங்கே நான் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப்போகிறேன். மேலக்கொல்லையைச் சித்தப்பாவிடம் அடகு வைக்கப் பேச்சு நடக்கிறதாமே, தங்கச்சிதான் சொன்னாள். வேண்டாம். ஒத்திக்குக் கொடுத்த மூணு மா இன்னும் திரும்பவில்லை. ஐப்பசிப் பணம் இந்த முறை கொஞ்சம் தாமதமாகும், கார்த்திகையில் இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். வங்கியில் ஏதோ படிவம் மாற்ற வேண்டுமாம், வேறொன்றுமில்லை. அதற்காகப் பெரியத்தையிடம் போய் நிற்காதீர்கள்.

நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டு மூட்டையைக் கொண்டுபோங்கள், போன வருஷம் மாதிரி வண்டி வாடகை இரண்டு முறை கொடுக்க வேண்டாம். முகூர்த்த நாள் முடிவானால் போனில் சொல்லுங்கள், கடிதத்தில் எழுதி எண் 3 போட்டு அனுப்பாதீர்கள், வந்து சேர்வதற்குள் டிக்கெட் விலை ஏறிவிடும்.

அன்புடன்
உங்கள் மூத்த மகள்

பி.கு.: தம்பி பாலிடெக்னிக்கில் கணக்குத் தாள் எழுதினானா இல்லையா? அவன் எனக்குச் சொன்னதும் அம்மாவுக்குச் சொன்னதும் ஒத்துவரவில்லை.