போட்டோக்கொப்பிக் கடைத் தங்கச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

என் கூடப்பிறந்த தங்கச்சியின் பிள்ளை விளக்கமறியலிலிருந்து பிணையில் வீட்டுக்கு வந்துவிட்டான். நேற்றுப் பின்னேரம் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் இன்னும் எழும்பவில்லை, அவன் எழும்புவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். என்ன நடந்தது, யாரில் பிழை என்பதெல்லாம் இங்கே வேண்டாம், ஊருக்கே தெரியும், வழக்கும் இன்னும் முடியவில்லை. அவன் பெயரை மட்டும் யாரும் எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

நன்றி சொல்லப் பலர் இருக்கிறீர்கள். ஆனால் முதலில் ஏ9 வீதியோரம் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கச்சிக்குத்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை.

பொலிஸ் எழுதிய கடதாசியில் பிள்ளைக்கு வயது 18 என்று இருந்தது. ஆள் வளர்த்தி, கேட்டவர் சிங்களத்தில் கேட்டிருக்கிறார், இவன் தலையாட்டியிருக்கிறான், அவ்வளவுதான். பிறப்புச் சான்றிதழ் 2018 டிசம்பர் வெள்ளத்தோடு போனது. இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்த அந்த வெள்ளத்தில் ஏதாவது ஒரு கடதாசியைத் தொலைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. அவன் பிறந்தது 2010இல், போர் முடிந்து சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் என் தங்கச்சி குடும்பம் இருந்த நேரம். அந்தக் காலத்துக் கிளினிக் கார்ட் ஒன்று மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்கு மேலே கிடந்தது. சட்டத்தரணி இருக்கிற கடதாசி எல்லாவற்றிலும் கொப்பி கேட்டதால் அதையும் சேர்த்துக் கொண்டுபோனேன்.

நான் போனபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கினாள். ஒவ்வொன்றாக மெஷினில் வைத்துக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றாள். "அன்ரி, இதில பதினெட்டு எண்டு கிடக்கு, கார்ட்டில 2010 எண்டு கிடக்கு. இவருக்குப் பதினாறே ஆகேல்ல, பிறகேன் பெரியாக்களோட வச்சிருக்கினம்?" என்றாள். அதுவரைக்கும் எத்தனையோ பேர் அந்தக் கடதாசியைக் கையில் வாங்கினார்கள், முத்திரை குத்தினார்கள், ஃபைலில் போட்டார்கள். வாசித்தவள் இவள் ஒருத்திதான்.

அப்புறம் அவள் வீட்டுக்குப் போகிற யோசனையையே விட்டுவிட்டாள். கார்ட்டில் எழுத்து மங்கியிருந்ததால் பெருப்பித்துக் கொப்பி எடுத்தாள். பிரதேச செயலகத்தில் சான்றிதழின் பிரதி எடுக்கிற விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள், எனக்குக் கை நடுங்கியது. காலையில் கந்தோர் திறக்கிற நேரத்துக்கே போய் நிற்கச் சொன்னாள், சட்டத்தரணியிடம் வயதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றாள். காசு கொடுத்தபோது கொப்பிக்கு மட்டும் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தாள், அதுவும் எனக்குப் பிடித்தது.

சான்றிதழின் பிரதி வந்ததும் சட்டத்தரணி தவணைக்குக் காத்திருக்காமல், வழக்கை முன்னதாகவே எடுக்கச் சொல்லி நகர்த்தல் பத்திரம் போட்டார். நன்னடத்தை அறிக்கை கேட்டார்கள், வந்தது, பிணையும் கிடைத்தது. சட்ட உதவி ஆணைக்குழுவின் அந்தச் சட்டத்தரணிக்கும், வீடு தேடி வந்து பிள்ளையின் அம்மாவோடு நிலத்தில் உட்கார்ந்து கதைத்த நன்னடத்தை உத்தியோகத்தருக்கும், முகம் தெரியாத பிள்ளைக்கு ஆட்பிணை நின்ற ஆசிரியருக்கும், பெயரை இடாப்பில் வெட்டாமல் வைத்திருந்த அதிபருக்கும், கிராம அலுவலருக்கும், சோறு கட்டித் தந்தவர்களுக்கும், பஸ் காசு தந்துவிட்டுச் சொல்லாமல் போனவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சரி, சந்தோசம்தான். ஆனால் பார்வையிடப் போகிற வரிசையில் எனக்கு முன்னால் வழக்கமாக நிற்கும் ஒரு அம்மாவை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அவருடைய மகனுக்குப் பதினேழு. எங்கள் பிள்ளையைக் காப்பாற்றியது 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், பதினாறு முடிந்தவனை அது நெடுங்காலம் பெரிய ஆளாகவே பார்த்தது. அந்த அம்மா எத்தனை கிளினிக் கார்ட் கொண்டுவந்தும் பிரயோசனமில்லை. வாக்குப் போடப் பதினெட்டு, கல்யாணம் கட்டப் பதினெட்டு, வளர்ந்த ஆண்களோடு ஒரே கூட்டில் படுக்க மட்டும் பதினாறு போதும் என்றுதான் அந்தச் சட்டம் இருந்தது. பதினெட்டு வயது வரை பிள்ளைதான், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக்கூடாது என்று சொல்கிற ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. 2018இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தி, குற்றப்பொறுப்பு வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தவும் செய்தார்கள். அதைச் செய்ய முடிந்தவர்களுக்கு, பதினெட்டு முடியாத பிள்ளைகள் எல்லாரையும் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்க ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் முகாமில் பெற்று, தகரக் கொட்டிலில் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் இப்போதுதான் இந்த வயதுக்கு வந்து நிற்கிறார்கள், அதனால் மற்ற இடங்களை விட வன்னிக்கு இது அவசரம்.

எங்கள் பிள்ளை வந்துவிட்டான் என்று நான் பேசாமல் இருக்கப்போவதில்லை. பதினெட்டு முடியாத எந்தப் பிள்ளையையும் பெரியவர்களோடு அடைக்கக்கூடாது என்று மனு எழுதுகிறோம், கையெழுத்துக்கு வீடு வீடாக வருவேன், கதவைத் திறவுங்கள். அதோடு சனிக்கிழமைகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் இருப்பேன். பிள்ளை பிடிபட்டு, என்ன கடதாசியை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் வாருங்கள், இருந்து பார்ப்போம். சட்டத்தரணி இல்லை நான், கடதாசியை வாசிப்பேன். கிளினிக் கார்ட், பள்ளிக்கூடத்துக் கடிதம், கிழிந்த சான்றிதழ், எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்.