நாலு ராத்திரி, எத்தனை விடியல்?

கண்ணம்மா,

பெருவின் அமேசான் மழைக்காட்டில் எந்த லாட்ஜில் தங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய நாலு லிங்க்கையும் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். லாட்ஜ் என்ற சொல்லைப் படித்ததும் "பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்குமே, அந்த மாதிரியா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார், இரண்டாவது லிங்க்கில் நீச்சல் குளத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

முதலில் உன் லீவைக் கணக்குப் போட்டேன். வியாழன் காலை லிமாவிலிருந்து கிளம்பி திங்கள் இரவுக்குள் லிமா திரும்ப வேண்டும். அஞ்சு நாள் என்று நீ நினைக்கிறாய், லாட்ஜ்காரர்களும் அப்படித்தான் எழுதுவார்கள், ஐந்து பகல் நாலு இரவு என்று. ஆனால் மழைக்காட்டில் பகல் முழுக்கக் காடு நடமாடாது. வெயில் ஏறிய பிறகு பறவையும் குரங்கும் நிழலுக்குப் போய் அடங்கிவிடும், நீயும் ஊஞ்சல் படுக்கையில் சுருண்டுவிடுவாய். காடு காடாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னாலிருந்து காலை எட்டரை, ஒன்பது வரைக்கும், அப்புறம் சாயங்காலம் கொஞ்சம், ராத்திரி டார்ச் அடித்துப் போனால் இன்னும் கொஞ்சம். அதனால் எத்தனை நாள் என்று பார்க்காதே, எத்தனை விடியல் என்று பார். எந்த லாட்ஜ் நல்லது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. போர்னியோவில் கினாபடாங்கான் ஆற்றங்கரைக்கு நானும் அப்பாவும் போனோமே, நினைவிருக்கிறதா? பேரைச் சொல்ல விரும்பவில்லை, அந்த லாட்ஜில் இரண்டு ராத்திரி. முதல் நாள் போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. மூன்றாம் நாள் விடிவதற்குள் மூட்டையைக் கட்டிப் படகில் ஏற்றிவிட்டார்கள். நடுவில் கிடைத்தது ஒரே ஒரு விடியல், அன்றைக்குப் பார்த்து மழை. அந்த மழையும் விட்டு, எதிர்க்கரை மரத்தில் இருவாச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. நான் அறைக்கு ஓடி பைனாகுலரை எடுத்து வந்தேன். ராத்திரி முழுக்க ஏசியில் கிடந்த கண்ணாடி, வெளியே வந்த மறுநிமிஷம் பால் ஊற்றியதுபோல மூடிக்கொண்டது. துடைக்கத் துடைக்க மறுபடி மூடுகிறது. நான் புடவைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டே நிற்கிறேன், தலைக்கு மேல் உஸ் உஸ்ஸென்று சிறகு அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது, அவ்வளவுதான். லென்ஸ் தெளியக் கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் மரம் காலி. அந்த ஏசிக்காக ராத்திரியெல்லாம் அறைக்குப் பின்னால் ஜெனரேட்டர் வேறு ஓடியது. காட்டுக்குப் போய் டீசல் சத்தத்தில் தூங்கிவிட்டு வந்த குடும்பம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

சரி, உன் நாலு லிங்க்குக்கு வருகிறேன்.

மனு காட்டை எடுத்துவிடு. 1973லேயே தேசியப் பூங்கா ஆன இடம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் லிமாவிலிருந்து குஸ்கோ, அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் இருட்டோடு கிளம்பி மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க வண்டி, அப்படிப் போனாலும் நீ சேர்வது மலைச்சரிவில் இருக்கிற மேகக்காடுதான். கீழே ஆற்றோரக் காட்டுக்கு இறங்க இன்னும் படகு, இன்னும் நாள். குஸ்கோ 3,400 மீட்டர் உயரம் வேறு, போன அன்றைக்கே மாப்பிள்ளைக்குத் தலைவலி வந்தால் யார் பார்ப்பது? ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்கும்போது போங்கள்.

தம்போபாட்டா ஆற்றில் வெகு மேலே இருக்கிற லாட்ஜைத்தான் நீ மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டாய் என்று தெரிகிறது, அதற்கு மட்டும் இரண்டு இதயம் போட்டிருக்கிறாய். படமும் அப்படி இருக்கிறது, நூற்றுக்கணக்கில் பஞ்சவர்ணக்கிளி மண்சுவரில் தொங்குகிறது. அங்கே அதைக் கோல்பா என்கிறார்கள், ஆற்றங்கரையில் அரிந்து நிற்கிற களிமண் மேடு. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிற காட்டில் காயிலும் இலையிலும் சோடியம் குறைவு, அதைத் தேடித்தான் கிளிகள் காலையில் வந்து மண்ணைத் தின்கின்றன என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். பார்க்க வேண்டியதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் போடு. புவெர்தோ மால்டொனாடோவில் விமானம் இறங்கிய பிறகு ஆற்றை எதிர்த்து ஒரு முழுப் பகல் படகு, அதனால் வழியில் வேறொரு லாட்ஜில் ஒரு ராத்திரி தங்க வைப்பார்கள். வெள்ளி மதியம்தான் போய்ச் சேர்வாய். திரும்பும்போதும் அதே தூரம், திங்கள் மதிய விமானத்தைப் பிடிக்க ஞாயிறே இறங்கத் தொடங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கையில் நிற்பது ஒன்றரை விடியல். மழையோ மூடுபனியோ இருந்தால் கிளிகள் அன்றைக்கு இறங்கவே இறங்காது, லாட்ஜ்காரரைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. ஒரே காலையை நம்பி அவ்வளவு தூரம் போகக் கூடாதுடி, என்னைப் பார்த்தாவது தெரிந்துகொள்.

இகீடோஸ் பக்கம், அதுதான் நீச்சல் குளம் உள்ளது. லிமாவிலிருந்து இரண்டு மணி நேர விமானம், விடியல் கணக்கில் இது தேறுகிறது. இகீடோஸுக்குப் பெருவின் மற்றப் பெரிய ஊர்களிலிருந்து சாலையே கிடையாது, அவ்வளவு பெரிய நகரத்துக்கு விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும், அதுவே ஒரு வேடிக்கை. அந்தப் பக்கக் காடு தண்ணீர்க் காடு. வருஷத்தில் ஆறு பல மீட்டர் ஏறி இறங்கும். நீர் ஏறிய மாதங்களில் மரங்களுக்கு நடுவே படகில் போகலாம், வடிந்த பிறகு நடக்கலாம். இளஞ்சிவப்பு டால்பின் உனக்கு உயிர் என்றால் அங்கே போ. ஆனால் நீ போகிற ஆகஸ்டில் தண்ணீர் வடிகிற சமயம், சேறும் கொசுவும் இருக்கும். இகீடோஸ் இருக்கிற லொரேட்டோ பகுதியில் மலேரியாவும் உண்டு, டாக்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதே. அந்த லிங்க்கில் எனக்குப் பிடிக்காதது குளம்கூட இல்லை. ஏழாவது படத்தைப் பார்த்தாயா? ஒரு பெண் தேவாங்கு மாதிரி ஒன்றைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அது தேவாங்கு இல்லை, ஸ்லாத், மரத்தில் மெதுவாக ஊர்கிற அந்த ஊர்ப் பிராணி. காட்டிலிருந்து பிடித்து வந்து கை மாற்றி கை மாற்றிப் படம் எடுக்க விடுகிறார்கள், அதுவும் சிரிக்கிற மாதிரியே முகம், வலித்தாலும் தெரியாது. இந்த மாதிரிப் படம் போடுகிற இடம் தன்னை எக்கோ என்று எப்படி அழைத்துக்கொண்டாலும் சரி, பக்கத்தை மூடிவிடு.

மிச்சம் நாலாவது, புவெர்தோ மால்டொனாடோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகிற லாட்ஜ். உனக்கு அது சப்பென்று இருந்திருக்கும், ஊருக்குப் பக்கம் என்று. ஆனால் வியாழன் சாயங்காலமே காட்டுக்குள் இருப்பாய். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று முழு விடியல், திங்கள் அரை விடியல். ஒன்று மழையில் போனாலும் மிச்சம் இருக்கிறது. ஒரு காலை கோல்பா, ஒரு காலை ஏரி, ஒரு காலை மர உச்சி உயரத்துக்கு ஏறிப் பார்க்கிற கோபுரம் என்று பிரித்துக்கொள்ளலாம். கோபுரத்தை மட்டும் விட்டுவிடாதே. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் முப்பது மீட்டர் இலைதான் தெரியும், பழமும் பறவையும் குரங்கும் மேலேதான் குடித்தனம் நடத்துகின்றன. மாப்பிள்ளைக்கு உயரம் ஆகாது என்று தெரியும், அவரைக் கீழே பிரேசில் கொட்டை மரத்தடியில் உட்காரச் சொல்லாதே, அதன் காய் இரண்டு கிலோ வரைக்கும் வரும், தேங்காய் மாதிரி விழும். (விழுகிற காலம் ஜனவரி, பிப்ரவரி சமயம்தான், இருந்தாலும்.)

சாண்டொவால் ஏரிக்குக் கூட்டிப் போகிறார்களா என்று கேள். ஆற்றங்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் போல நடை, மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேறு, அப்புறம் துடுப்புப் படகு. மோட்டார் விடுவதில்லை, அதனால்தான் ராட்சத நீர்நாய்க் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது, வாலோடு சேர்த்தால் மாப்பிள்ளை உயரம். கோல்பாவைப் பற்றியும் விவரமாகக் கேட்க வேண்டும். லாட்ஜுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன கோல்பாவுக்கு வருவது பெரும்பாலும் சின்னக் கிளிகள்தான், பெரிய பஞ்சவர்ணக்கிளிகளுக்கு சுஞ்சோ என்ற இடத்துக்குப் போக வேண்டும், அதற்கு இருட்டோடு படகில் ஏற வேண்டும். பேக்கேஜில் அது உண்டா, தனிக் காசா? தம்போபாட்டா ரிசர்வுக்குள், அதாவது அரசு காக்கிற காட்டுக்குள், போகிற நுழைவுச் சீட்டு சேர்ந்ததா? வெறும் அறை வாடகையை ஒப்பிட்டு இது மலிவு அது மலிவு என்று பேசாதே. படகு, சாப்பாடு, கைடு எல்லாம் அதற்குள்தான் இருக்கும், எது இல்லை என்பதில்தான் வித்தியாசம்.

கைடு விஷயம்தான் முக்கியம், அதை அறையைவிட முன்னால் கேள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? ஆறு பேர் என்றால் நல்லது, பன்னிரண்டு என்றால் வால் பக்கம் இருப்பவர்களுக்கு முன்னால் போனவர் முதுகுதான் தெரியும். போர்னியோவில் எங்களோடு வந்த பையன் அந்த ஊரிலேயே பிறந்தவன், படகை நிறுத்திவிட்டுக் கரையில் ஒரு கிளை ஆடுவதைக் காட்டி, காற்று இல்லாமல் ஆடுகிறது பாருங்கள் என்றான், இரண்டு நிமிஷத்தில் மூக்கு நீண்ட குரங்கு இருபது வந்தது. லாட்ஜ் எவ்வளவு சொதப்பினாலும் அந்தப் பையனால்தான் நாங்கள் போட்ட காசு வீணாகவில்லை. இன்னொன்றும் அவன்தான் சொன்னான், இங்கே மிருகம் நிறையத் தெரிவது காடு செழிப்பு என்பதால் இல்லை, பின்னால் முழுக்க எண்ணெய்ப்பனைத் தோட்டம், இவைகளுக்கு ஒதுங்க இந்தக் கரைப்பட்டைதான் மிச்சம் என்று. அதனால் "மிருகங்கள் நிச்சயம் தெரியும்" என்று எந்த லாட்ஜாவது விளம்பரம் போட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

தம்போபாட்டாவிலும் அந்தக் கதை உண்டு, அங்கே பனை இல்லை, தங்கம். ரிசர்வுக்கு வெளியே லா பம்பா என்ற இடத்தில் கள்ளச் சுரங்கம் தோண்டிக் காட்டைப் பாலைவனம் ஆக்கி, பாதரசத்தை ஆற்றில் விட்டார்கள். 2019ல் அரசாங்கம் ராணுவத்தை அனுப்பித்தான் விரட்டியது. அந்த ஊர்ப் பையன்களுக்குக் காட்டை வைத்துச் சம்பளம் கிடைத்தால் சுரங்கத்துக்குப் போக மாட்டார்கள், அதனால் லாட்ஜில் வேலை செய்வது யார், லாபம் யாருக்கு என்று கேட்பது வெறும் நல்லெண்ணக் கேள்வி இல்லை. அங்கேயே முன்மாதிரி இருக்கிறது. இன்ஃபியர்னோ என்று ஒரு ஊர், ஸ்பானிஷில் நரகம் என்று பொருள், பேர் வைத்தவன் யாரோ. அந்த ஊர்ச் சமூகமும் ஒரு சுற்றுலா நிறுவனமும் 1996ல் இருபது வருஷ ஒப்பந்தம் போட்டு போசாடா அமசோனாஸ் என்ற லாட்ஜைக் கட்டின. லாபத்தில் 60 சதவீதம் ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு என்பதுதான் அந்த ஒப்பந்தம். இப்படி நம்பர் சொல்லத் தெரிந்தவர்களிடம் பேசு. "சமூகத்துக்கு ஆதரவு அளிக்கிறோம்" என்று மட்டும் எழுதுகிறவர்களிடம் எவ்வளவு என்று திருப்பிக் கேள்.

அதோடு ஜெனரேட்டர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கழிவு நீர் எங்கே போகிறது என்றும் கேள். ஏசி இல்லை, ஒரு பக்கம் சுவரே இல்லை, கொசுவலைக்குள் தூக்கம் என்றால் பயப்படாதே, அதுதான் நல்லது, உன் பைனாகுலர் மூடிக்கொள்ளாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயா? பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும், அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வை, இந்தியாவுக்கு வரும்போது கேட்பார்கள். மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவர் ஊசி என்றால் நழுவுவார். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள். சிரிக்காதே, ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை தெற்கேயிருந்து குளிர்காற்று ஒன்று வரும், ஃப்ரியாஹே என்கிறார்கள், ஒரே ராத்திரியில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். சுவர் இல்லாத அறையில் படுக்கப் போகிறாய்.

ரப்பர் பூட்ஸ் பெரும்பாலும் அவர்களே தருவார்கள், ஆனால் மாப்பிள்ளை கால் பதினொன்று, அந்த சைஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடு. நாலாவது லாட்ஜுக்கு இன்றைக்கே மெயில் போடு. பதில் வந்ததும் அப்படியே எனக்கும் அனுப்பு, நான் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு பணம் கட்டு.

அம்மா