கோவில்பட்டிக்கு வந்த பால புரஸ்கார்

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்கள் ஊர் எழுத்தாளர் உதயசங்கருக்கு 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக சிறுவர் இலக்கியத்துக்கு சாகித்ய அகாதெமி தரும் பால சாகித்ய புரஸ்கார் விருது 2023-ஆம் ஆண்டுக்குக் கிடைத்த செய்தியைப் பார்த்ததும், கடலை மிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமே பேர்போன ஊர் என்று இனி எவனும் சொல்ல முடியாது என்று தோன்றியது. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர் அவர். இந்த நாவலில் கீழடியை, அருங்காட்சியகப் பலகையில் இருக்கும் தகவல் மாதிரி இல்லாமல், ஒரு பையனோடு சேர்ந்து போய்ப் பார்க்கிற இடமாக ஆக்கியிருக்கிறார். என் மகள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, ஒரு ஓட்டுச் சில்லைக் கழுவிக் கொண்டுவந்து "இது எத்தனை வருசம்?" என்று கேட்டாள். போன மழையில் உடைந்த ஓடு என்று சொல்ல மனசு வரவில்லை.

சரி, விருதுத் தொகை ஐம்பதாயிரம் ரூபாய், செப்புப் பட்டயம், பாராட்டு விழா எல்லாம் நல்லதுதான். அப்புறம்? நாங்கள் போகிற நூலகத்தில் சிறுவர் பகுதி அலமாரிக்குப் பூட்டு. கேட்டால், பிள்ளைகள் கிழித்துவிடுவார்களாம். கிழியட்டுமே, திறந்து வையுங்கள்.

— ஒரு வாசகர், கோவில்பட்டி